ராணிக்குச் சுற்றிய துணி

கருப்பட்டி,

வெளியில் உன்னை 'என்னங்க' என்பேன், வீட்டுக்குள் 'கருப்பட்டி'. இப்போது வீட்டுக்குள் கூப்பிட ஆளில்லை, இந்தக் கடிதத்தில் கூப்பிடுகிறேன். ஐந்தாவதோடு நின்ற எழுத்து. சிரிக்காதே.

இன்று காலையில் உன் காரை விலைக்குப் பார்க்க பொம்மசந்திராவிலிருந்து ஒருவர் வந்தார். நரைத்த தாடிக்காரர். ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் ஓடவிட்டு பானெட்டைத் தூக்கினார். அந்த வாசனை வந்தது. சூடான துணியும் எண்ணெயும் சேர்ந்த வாசனை. நீ போய் எட்டு மாதம். உன் சட்டைகளில் தேடித் தேடியும் கிடைக்காத உன் வாசனை அவளிடம் இருக்கிறது. எனக்கு வயிறு எரிந்தது.

அவள் என்றுதான் சொல்வேன். ராணி என்று பெயர் வைத்தது நீதானே. பதினோரு வருஷம் குடித்தனம் செய்த எனக்கு ஒரு பெயர் வைத்தாயா?

அவள் சின்ன வண்டி. அதற்குள் பெரிய இன்ஜினை இறக்கி, வேகம் கூட்டும் டர்போவையும் மாட்டினாய். சிவாஜிநகர் டிராபிக்கில் நின்றால் சூட்டு முள் சிவப்பைத் தொடும். அன்றிலிருந்து அவள் சூடுதான் உனக்குக் கவலை. பானெட்டின் பின்பக்கக் கீலுக்கு அடியில் வாஷர் வைத்து விரலளவு தூக்கினாய், அந்த இடுக்கு வழியாகச் சூடு ஏறிப் போகட்டும் என்று. டர்போவுக்குத் தகட்டு மூடி செய்தாய். புகைக் குழாய்க்குச் சூடு தாங்கும் துணி நாடாவை நான் குளிக்கிற பக்கெட்டில் ஊறவைத்து, அடிபட்ட காலுக்குக் கட்டுப் போடுவதுபோல் இழுத்து இழுத்துச் சுற்றினாய். ஓட்டிவிட்டு வந்ததும் பானெட்டைத் தூக்கி, ஓரத் தகட்டில் புறங்கையை வைப்பாய்.

"பரவால்ல, இன்னிக்கு ஜுரம் கம்மி."

நான் லிங்கராஜபுரத்து ஷீட் கூரை வீட்டுச் சமையலறையில் வெந்துகொண்டிருப்பேன்.

"எனக்கும் ஒரு ஃபேன் போட்டா என்ன?"

"போடலாம்டி. அடுத்த மாசம்."

ஒருநாள் நீ வேலைக்குப் போனபிறகு மிச்சமிருந்த நாடாவை வெட்டினேன். அவளுக்கு ஆகிற துணி எனக்கு ஆகாதா என்று, பாத்திரம் இறக்கும் பிடிதுணியாக மடித்துத் தைத்தேன். சாயங்காலத்துக்குள் இரண்டு கையும் அரித்துச் சிவந்துவிட்டது. நீ வந்து பார்த்தாய்.

"அடிப்பாவி, இது கண்ணாடி நூலுடி. க்ளவுஸ் இல்லாம தொட்டியா?"

"உன் ராணி மட்டும் சுத்திக்கலாமா?"

"அவளுக்குத் தோலு இரும்பு. உனக்கு?"

குழாயடியில் என் கையைப் பிடித்துக் கழுவினாய். பிறகு செல்லோடேப்பை ஒட்டி ஒட்டி ஒவ்வொரு தூசாக எடுத்தாய். டிவியில் கிரிக்கெட் ஓடியது, நீ திரும்பவில்லை. அன்று அவள் பக்கமே போகவில்லை. அவளை நான் ஜெயித்தது அந்த ஒரு சாயங்காலம்தான். அரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டதே என்றுகூட வருத்தமாக இருந்தது.

ஃபேன் வருவதற்குள் நீ போய்விட்டாய். வேலை இடத்தில் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியில் உன் கையைத் தொட்டேன். அதில் சூடே இல்லை.

காலையில் தாடிக்காரர் அந்த நாடாவைக் குனிந்து பார்த்தார். "யாரும்மா சுத்தினது? ஒரு எடத்துலகூட லூஸ் இல்ல."

"எங்க வீட்டுக்காரர்."

அவர் ஓரத் தகட்டில் உள்ளங்கையை வைக்கப் போனார். என் வாயில் தானாக வந்தது.

"உள்ளங்கை வேணாண்ணா. புறங்கை வைங்க. அதுக்குத்தான் சரியாத் தெரியும்."

"கார் வேலை தெரியுமாம்மா?"

"தெரியாது."

கார் தெரியாது, உன் கை தெரியும். நானே வைத்துக் காட்டினேன். அவளை நான் தொட்டது அதுதான் முதல் தடவை. ஜுரம் கம்மியாகத்தான் இருந்தது.

தொலைந்தால் போதும் என்றுதான் அவரை வரச் சொல்லியிருந்தேன். கடைசியில், "நாளைக்குச் சொல்றேண்ணா" என்று சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன். அவள்மேல் பாசம் வந்துவிட்டது என்று நினைக்காதே. நீ போட்ட கட்டு இன்னும் அவிழாமல் அவளிடம் இருக்கிறது. அதை எப்படி இன்னொரு வீட்டுக்கு அனுப்புவேன்.

எனக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் நெற்றியில் நீ வைத்ததும் புறங்கைதான். மத்தியானம் அது நினைவுக்கு வந்ததும் சோற்றை மூடிவைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். உண்மையைச் சொல், கருப்பட்டி. அந்தக் கையை என்னிடம் பழகி அவளிடம் வைத்தாயா, அவளிடம் பழகி என்னிடம் வைத்தாயா?