இறுக்கிய நட்டு

14-6-1994, செவ்வாய்

சேரன்மகாதேவி தாண்டி நின்றுபோன பழைய லாரியை இன்று பட்டறைக்கு இழுத்து வந்தார்கள். முன் சக்கரத்தைக் கழற்றினேன். பேரிங் உதிர்ந்து கொட்டியது. சக்கரத்தைத் தாங்கும் ஸ்டப் ஆக்சில் சூட்டில் நீலம் பாரித்துத் தேய்ந்து கிடந்தது. வெல்டு வைத்துக் கடைந்தால் போதாதா என்றார் லாரிக்கார அண்ணாச்சி. போதாது என்று சொல்லி, வேறு மாட்டினேன்.

பிறகு அவர் டிரைவர் இசக்கியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே, கிரீஸ் இருக்கான்னு பாக்க மாட்டியா? தூங்கத்தான் வண்டிக்கு வாறியா? நாளையிலேருந்து வராண்டாம்."

"கிரீஸ் இருந்துச்சு அண்ணாச்சி. போன மாசம்தான இந்தத் தம்பி பேரிங் மாத்துனாவ."

"அவன் டிப்ளமா படிச்சவம்லே. நீ என்னத்தப் படிச்சே?"

இசக்கி என்னைப் பார்த்தார். நான் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கிரீஸ் இருந்தது. தப்பு என்னுடையது. போன மாதம் பேரிங்கைப் பிடிக்கும் நட்டை முடுக்கியபோது, அது கழலாமல் பூட்டும் ஸ்பிளிட் பின் நுழையத் துளை நேராக வரவில்லை. நட்டைத் தளர்த்தித்தான் நேராக்க வேண்டும். அவசரத்தில் இன்னும் இறுக்கி நேராக்கினேன். அளவுக்கு மேல் இறுகினால் பேரிங் சூடேறி உதிரும். சக்கரம் கனமாகச் சுற்றியது கைக்குத் தெரிந்தது. ஓட ஓடச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

"நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் தம்பி" என்று பையச் சொல்லிவிட்டு இசக்கி போனார். நட்டு விஷயம் அவருக்குத் தெரியாது.

நாளைக் காலையில் அண்ணாச்சி புது டிரைவரோடு வண்டி எடுக்க வருவார். "இறுக்கினது நான்தான் அண்ணாச்சி" என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். இந்த அறைக்குள் சுலபமாகத்தான் வருகிறது.