தட்டுக்கு ஆகாத தூசி

இன்று ஆயுத பூசை. மகன் தூபக்காலைத் தூக்கிக்கொண்டு தன் கம்ப்யூட்டர் பக்கம் போனான். சாம்பிராணி வாசம் மூக்கில் ஏறியதுதான் தாமதம், "டேய், அங்கிட்டுக் கொண்டு போடா!" என்று கத்திவிட்டேன். பயல் சிரிக்கிறான். "இதுக்குள்ள சுத்துற தட்டே இல்லம்மா. எம்புட்டுப் புகை வேணும்னாலும் காட்டலாம்." அவனுக்கென்ன தெரியும்? நான் கத்தியது உன் குரலில். நீ கண்ணை மூடி இன்னும் வருசம் திரும்பவில்லை, சிநேகிதி. உன்னிடம் சொல்ல ஒரு சேதி இருக்கிறது, அதனால் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எண்பதுகளின் நடுவில் நம் நூல் மில்லுக்குக் கம்ப்யூட்டர் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அதற்கென்று கண்ணாடிக் கதவு, ஏசி, செருப்பை வாசலில் கழற்ற வேண்டும் என்ற சட்டம். ஆபரேட்டர்கள் நாம் இரண்டு பேர்தான். இடுப்புயரத்துக்கு ஒரு பெட்டி, மூடியைத் திறந்தால் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய பழுப்புத் தட்டுகள். மில்லில் வேலை பார்த்த அத்தனை பேரின் பெயரும் சர்வீசும் அதில்தான் பதிந்திருந்தது. எனக்கு அது ஏசியில் உட்காரக் கிடைத்த வேலை. உனக்கு அப்படியில்லை. உன் அப்பா அதே மில்லில், பஞ்சை உதறிப் பிரிக்கும் புளோ ரூமில் இருந்தார். சாயங்காலம் வெளியே வரும்போது புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும்.

அந்த வருச ஆயுத பூசை நெருங்கியபோதுதான் வினை வந்தது. மில்லில் ஒரு மிஷின் விடாமல் சந்தனம் வைத்துச் சாம்பிராணி காட்டுவது வழக்கம். மேனேஜர், "கம்ப்யூட்டர் ரூமைப் பூட்டிருங்க, எவனும் உள்ள வரக்கூடாது" என்றுவிட்டார். கேன்டீன் கொதித்தது. "நாங்க தொட்டா ஒட்டிக்கிருமாக்கும்? பூட்டை உடைச்சாவது பூசை போடுவோம்." உடைத்தால் புகை உள்ளே போகும், தட்டு பாழாகும், உடைத்தவர்களுக்கு வேலை போகும். நீ மட்டும் மேனேஜர் முன்னால் போய் நின்றாய். "பூட்ட வேணாம் சார். சொன்னா புரிஞ்சுக்குவாங்க."

"எந்தப் பாஷையில சொல்லுவே?"

"எங்கப்பா பேசுற பாஷையில."

அன்று மத்தியானம் தமிழ்ச் சொல் தேடித் தேடி நம் சோறு ஆறிப் போனது. தட்டில் பதியும் பாகத்துக்கு இங்கிலீஷ் புத்தகத்தில் ஹெட் என்று இருந்ததை நான் "தலை" என்றேன். "தலை உரசிருச்சுன்னு சொன்னா சிரிச்சுப்புட்டுப் போயிருவாங்கடி" என்றாய். எழுதுமுனை ஆயிற்று. தட்டு சுற்றும்போது முனைக்குக் கீழே ஓடும் வட்டம் தடம். தடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்த செக்டருக்கு நான் "பிரிவு" என்றதும் முகத்தைச் சுளித்தாய். "ஆபீஸ் வாடை அடிக்குது. பாத்தின்னு வையி. வரப்புக் கட்டி வரப்புக் கட்டித்தானே பதிஞ்சு வச்சிருக்கு?" கெட்டுப்போனால் எடுத்துக்கொள்ள வைக்கும் பிரதிக்குக் காப்பு நகல். இன்றைக்கு அகராதியில் வன்தட்டு, தரவு என்று வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எனக்கு உன் பாத்திதான் பிடிக்கும்.

மறுநாள் கேன்டீனில் ஓர் எவர்சில்வர் தட்டை விரல் நுனியில் வைத்துச் சுற்றினாய். மறு கையை அதன் மேல் ஒட்டியும் ஒட்டாமலும் பிடித்தாய். "அண்ணே, பாருங்க. முனை தட்டைத் தொடாது, காத்துல மிதந்துக்கிட்டே எழுதும். நடுவுல இருக்கிற சந்துக்குள்ள புகைத்தூள் நுழையக்கூட இடமில்ல. ஒரு தூள் சிக்குனாலும் முனை தட்டைச் சீவிரும். அந்தப் பாத்தியில யாரு பேரு இருக்கோ, அது போச்சு. உங்களைத் தள்ளி வைக்கல. நானே முகத்துக்குப் பவுடர் போட்டுக்கிட்டு உள்ள போறதில்ல." ஒருத்தர் விடாமல் தலையாட்டினார்கள். ஜெயித்துவிட்டோம் என்று நான் நினைத்தேன்.

அப்போது கடைசி பெஞ்சில் இருந்து உன் அப்பா எழுந்தார். இருமி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. "ஏத்தா, மிஷினுக்குத் தூசி ஆகாது. வெளங்குது. எனக்கு ஆகுமா?"

உன் விரலில் தட்டு நின்றுவிட்டது. மேனேஜர் பின்னாலேயே நிற்கிறார். நீ "ஆகாதுப்பா" என்றாய். அப்படியே திரும்பி, "சார், தட்டுக்குச் செஞ்சதை இவங்களுக்கும் செய்யணும்" என்றாய். கண் கலங்கியிருந்தது, குரல் அசையவில்லை.

பூசையன்று கண்ணாடிக் கதவுக்கு வெளியே, எட்டத்திலேயே சூடம் ஏற்றி, எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டுப் போனார்கள். ஒருத்தரும் வாசலைத் தாண்டவில்லை. தட்டு தப்பித்தது. நீதான் தப்பவில்லை. அடுத்த வாரமே உன்னைப் பஞ்சுக் குடோனுக்கு மாற்றினார்கள். நீ அசரவில்லையே! அப்பாவின் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு ஷிப்ட் முடிந்ததும் ஆபீஸ் வாசலில் போய் நிற்பாய். கேட்டது ஒன்றே ஒன்று, பஞ்சுத் தூசியை உறிஞ்சி வெளியே தள்ளும் மிஷின். போகிற போக்கில் என்னைப் பார்த்து, "ஏசி சொகுசா இருக்கா மகராணி?" என்று கிண்டல் வேறு. புளோ ரூமில் அந்தக் குழாய்கள் ஏறுவதற்குள் இரண்டு மழைக்காலம் போய்விட்டது. உன் அப்பாவுக்கு இருமல் நிற்கவேயில்லை. "பிந்தி வர்ற பயலுகளுக்காச்சும் ஆச்சே" என்றார். உன்னைத் திரும்பக் கூப்பிட்டபோதும் நீ ஏசி அறைக்கு வரவில்லை. "அந்த வாசல்ல செருப்பைக் கழட்ட இனி மனசு வராதுடி" என்றாய்.

இப்போது நான் மேலூரில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறேன். சுழலும் தட்டின் காலம் முடிந்தாலும் முதல் பாடம் அதுதான், உன் அப்பா கேட்ட கேள்வியோடு சேர்த்து. போன வாரம் வகுப்பு முடிந்தும் ஒரு பெண்பிள்ளை போகாமல் நின்றது. "எங்கப்பா குவாரியில கல் அறுக்கிறாரு டீச்சர். ராவெல்லாம் இருமுறாரு. அவருக்கு மட்டும் தூசி ஆகுமா?"

"ஆகாதுத்தா" என்றேன். சொல்லிவிட்டுச் சும்மா உட்கார முடியுமா, உன்னோடு பழகிவிட்டு?

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு நாள். அவளும் அவள் அப்பாவும் வருகிறார்கள், கூட நானும் போகிறேன். "வயசான காலத்துல உனக்கு எதுக்கும்மா வம்பு?" என்கிறான் மகன். முட்டு வலிதான், பஸ் ஏறக் கஷ்டம்தான். போறேன்டி. பையில் மனுவோடு ஓர் எவர்சில்வர் தட்டையும் எடுத்து வைத்துவிட்டேன். புரியவில்லை என்று எவராவது சொன்னால், சுற்றிக் காட்டுகிறேன்.