ஆட்டுக்கால் இறங்கிய மலை

ஜூன் 8, ஞாயிறு. கொட்டகலை.

காலையிலிருந்து மழை. உடுப்பு எதுவும் காயவில்லை.

வேலை: ஆட்டுக்கால் ஐந்து. முழங்கால் மூட்டோடு, வெட்டாமல்.

பஜார் இறைச்சிக்கடை நானாவுக்குத் தலை சுற்றிவிட்டது. "வெட்டாம எந்தச் சட்டியில வைக்கப் போற புள்ள?" சட்டிக்கு இல்லை, பேராதனைக் கம்பஸில் என் பொறியியல் ஆய்வுக்கு என்றேன். செயற்கை மூட்டு எலும்பில் உறுதியாக நிற்குமா என்று முதலில் ஆட்டுக்காலில்தான் பொருத்திப் பார்ப்போம் என்றேன். "அப்ப இத கொண்டு போ. தோட்டத்து மேல, மேற்கணக்கு மலையில மேஞ்ச ஆடுங்க. ஏறி எறங்குன காலுங்க."

கை பழக ஒன்றைக் குறுக்கே அறுத்தேன். அம்மாடி! உள்ளே நூல் நூலாய் எலும்பு. பாரம் எந்தப் பக்கம் விழுமோ அந்தப் பக்கமாகவே ஒவ்வொரு நூலும் ஓடுகிறது. அந்த ஆட்டுக்கு யார் படம் வரைந்து கொடுத்தது? எத்தனை புத்தகத்தில் படித்தது, நேரில் பார்த்ததும் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டேன். கை நாற்றம் இன்னும் போகவில்லை.

மீதி நாலும் உப்புத் தண்ணீரில் நனைத்த துணியில் சுற்றி, ஐஸ் பெட்டியில்.

அம்மாவின் வலது முழங்கால் மறுபடி வீக்கம்; இடதும் லேசாகத் தொடங்கிவிட்டது. முப்பது வருடம் மேற்கணக்கில் தேயிலைக் கொழுந்து பறித்த கால். மூட்டு மாற்றலாம் என்கிறார் டாக்டர். வியாழனுக்குள் பதில் சொல்லாவிட்டால் ஆபரேஷன் இடம் வேறு ஆளுக்கு. அம்மா மசியவில்லை. "இரும்ப வச்சுக்கிட்டு ரோட்டுல நடக்கலாம். நம்ம மலையில எறங்குனா கழண்டுராதா?" புதன்கிழமை சோதனையே அதற்குத்தான்.

ஜூன் 9, திங்கள்.

கடவுளே. கடைக்குப் போய் வந்தால் வீடெல்லாம் மிளகு வாசம். நாலில் மூன்று சட்டியில்.

"எனக்குன்னுதானே வாங்கியாந்த? முழங்காலுக்கு ஆட்டுக்கால் சூப்பு நல்லதுன்னு தோட்டத்துக்கே தெரியும்."

கத்திவிட்டேன். "அது ஆராய்ச்சிக்கும்மா!"

"ஆராய்ச்சின்னு அது மேல எழுதியா வச்சிருந்த?"

நியாயம்தான். அவித்த எலும்பு சோதனைக்கு உதவாது. நாளை போயா, பௌர்ணமி விடுமுறை, இறைச்சிக்கடை எல்லாம் பூட்டு. நானாவிடம் ஓடினேன். காலையிலேயே எல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டதாம். ஐஸ் பெட்டியில் மிச்சம் ஒன்றே ஒன்று.

சூப்பு குடித்தேன். ருசியோ ருசி. அதுதான் இன்னும் எரிச்சல்.

ஜூன் 10, போயா.

மழை விட்டது, பனிமூட்டம்.

எங்கள் லயத்து வரிசை வீட்டுப் படி பதினாலு. அம்மா இறங்குவதை வாசலிலிருந்து பார்த்தேன். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, வீங்கிய காலை முதலில் வைத்து, கொஞ்சம் நின்று, அப்புறம் மற்றது. "என்னத்த அப்புடி பாக்குற?" படியை எண்ணுகிறேன் என்றேன். முழுப் பாரமும் ஒரு கணம் அந்த ஒற்றை முழங்காலில். தோளில் கொழுந்துச் சாக்கு வேறு இருந்திருந்தால்? அந்தச் சுமையை ஆட்டுக்கால் அளவுக்குக் குறைத்து, கம்பஸ் சோதனை இயந்திரத்துக்கு எழுதி வைத்தேன்.

ஜூன் 11, புதன்.

விடிகாலை ரயில். பேராதனை. குடை ரயிலிலேயே போச்சு.

ஆய்வை மேற்பார்க்கும் சார்: "ஒன்னே ஒன்னா? பிசகினா அவ்வளவுதான். நின்னாலும் ஒரு ஆட்டுக்கால வச்சு முடிவு சொல்லிராதீங்க." தெரியும் சார்.

செயற்கை மூட்டைப் பொருத்தினேன். பத்தாயிரம் இறக்கம்; ஒவ்வொன்றும் அம்மா ஒரு படி இறங்கும் பாரம். இயந்திரம் மாலை வரை இறங்கிக்கொண்டே இருந்தது. கண்ணை எடுக்க முடியவில்லை. உலோகம் மயிரிழைகூட அசையவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒளிக்காமல் சொன்னேன். நின்றது. ஆனால் அது ஆடு, அதுவும் ஒன்று, உறுதி சொல்ல முடியாது.

"எத்தன தடவ எறங்குச்சு?"

"பத்தாயிரம்."

"அம்புட்டுதானா? ஒரு மாசத்துல நான் எறங்கிருவேனே!"

கணக்குப் போட்டுப் பார்த்தேன். உண்மை. அப்படியானால் முப்பது வருடத்துக்கு? முப்பத்தாறு லட்சம். அம்மாவின் பக்கத்தில் நின்று அதைக் குறித்துக்கொள்ள யாரும் இருக்கவில்லை. அழுதுவிட்டேன்.

அம்மா முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "அழுவாத. அது எந்த ஊரு ஆடு?"

"மேற்கணக்கு."

அம்மா எண்ணெய்ப் போத்தலை மூடினாள்.

"டாக்டருக்குப் போன் போடு."

"சரின்னு சொல்லவா?"

"சொல்லு. இடது காலுக்கும் கேளு."