தினகரன் சுற்றிய காயில்

உத்திரமேரூர்
கார்த்திகை மாதம், செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் கலைச்செல்வனுக்கு அம்மா செவ்வந்தி எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் உன் தங்கை வளர்மதியும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை என்று தனியாக எழுதச் சொல்கிறது. நீ அந்தப் போலந்துக் குளிரில் நேரத்துக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபம் பண்ணுகிறேன். இங்கே மழை விட்டபாடில்லை. ஏரி நிரம்பிக் கலங்கல் போகிறது, பார்க்க ஊரே போய் நின்று போட்டோ எடுக்கிறது. மழை பெய்தால் மோட்டாருக்கு வேலையில்லை என்று நீ நினைப்பாய், ஆனால் கிணறு நிரம்பி மேலே கிடந்த மோட்டாரெல்லாம் தண்ணீர் குடித்துவிட்டது, கடையில் கால் வைக்க இடமில்லை. திருப்புலிவனம் வேதகிரி தன் மோட்டாரைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, அவசரமேயில்லை என்று சொல்லிக்கொண்டே தினம் இரண்டு தடவை வந்து பார்க்கிறார். அப்பா மோட்டாரைப் பிரித்துக் கொடுக்கிறார், நான் காயில் சுற்றுகிறேன், வழக்கம்போல் யார் மெதுவாக வேலை செய்வது என்று இருவருக்கும் சண்டை. போனில் தினம் பேசும்போது கடிதம் எதற்கு என்று வளர்மதி கேட்டாள். போனில் சொன்னால் நான் முழுசும் சொல்லுமுன் நீ பரவாயில்லைம்மா என்று வைத்துவிடுவாய். இது அப்படி வைக்கிற விஷயமில்லை, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், நீயும் உட்கார்ந்து படி.

உன் கிதாருக்கு நீ அனுப்பச் சொன்ன புதுக் காயில் பார்சல் போன மாதமே வந்துவிட்டது. சென்னையில் கடை இருக்கிறது, அங்கே கொடுத்து மாட்டச் சொல் என்றாய். இருபத்திரண்டு வருஷமாகக் காயில் சுற்றுகிறவள் நான், இரண்டு காயில் மாற்ற சென்னைக்குப் பஸ் ஏறினால் என்னை நானே மன்னிக்கமாட்டேன். வளர்மதி தந்திகளைக் கழற்றினாள், நான் சுற்றிலும் இருந்த ஸ்குரூவை எடுத்து, தந்திக்கு அடியிலிருந்து சத்தத்தை வாங்கும் பழைய பிக்கப் இரண்டையும் தூக்கினேன். புதுசு பார்வைக்குப் பழசு மாதிரியே அதே அகலம், அதே ஓட்டையில் கச்சிதமாக உட்கார்ந்தது. எந்தக் கம்பி எங்கே போகிறது என்று முதலிலேயே காகிதத்தில் வரைந்து வைத்துக்கொண்டதால் சால்டரிங் அரை மணி நேரத்தில் முடிந்தது. வளர்மதி தந்தி மாட்டி வாசித்தாள். சத்தம் நன்றாக இருக்கிறது கலை, ஸ்டீல் டம்ளரைத் தட்டினதுபோல் சுத்தமாக, ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்கிறது. ஆனால் வாசிக்காமல் சும்மா இருந்தால் ஸ்பீக்கரில் ம்ம்ம் என்று ஒரு முனகல். கடை டெஸ்டிங் போர்டைப் போட்டால் இன்னும் அதிகம். அப்புறம்தான் பழசை எடுத்துப் பார்த்தேன். அதில் ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு காயில், ஒன்றுக்கொன்று எதிராக ஜோடி போட்டிருக்கிறது, கரண்ட் இரைச்சலை ஒன்று வாங்கினால் மற்றது கழித்துவிடும், பாட்டு மட்டும் மிஞ்சும். யார் யோசித்தானோ, அவனைக் கூப்பிட்டு ஒரு காப்பி கொடுக்கலாம். இவ்வளவு நல்லதை ஏன் மாற்றச் சொன்னாய் என்று கேட்க வந்தேன், கேட்கவில்லை. அந்தப் பழைய சத்தத்தை உன்னால் கேட்க முடியவில்லை என்று எனக்குத் தெரியும்.

இனிமேல்தான் விஷயம். புதுசை மாட்டச் சொன்ன அன்று பழசைத் தூக்கிப் போட்டுவிடாதேம்மா, பத்திரமாக வை, அது தினகரன் சுற்றினது என்று இரண்டு தடவை சொன்னாய். நீ சொல்லவே வேண்டாம், நாலு காயிலில் கெட்டுப்போன ஒன்றை அவன் நம் கடையில் நம் கை மெஷினில் சுற்றினதை நானே பார்த்தேனே. ஏனாத்தூர் காலேஜ் பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கடைக்கு வருவீர்கள் இருவரும். சுற்றை எண்ணும் மீட்டர் அப்போது ரிப்பேர், அவன் கைப்பிடியைச் சுற்ற நீ வாயால் எண்ணினாய், மூவாயிரத்துச் சொச்சத்தில் இந்த வேதகிரியே வந்து மோட்டார் ஆயிற்றா என்று கேட்கப்போய் கணக்கு விட்டுப்போய்விட்டது. சத்தம் வந்தால் போதும் என்று அவன் சிரித்துக்கொண்டே மேலும் சுற்றினான். சுற்று மேல் சுற்று ஏறிக் கோணல்மாணலாக இருக்கிறது, இது காயிலா காக்கா கூடா என்று நான்தான் திட்டினேன். அதைப் பத்திரமாக வை என்று நீ சொன்னதும் எனக்குத் தெரிந்த பத்திரம் ஒன்றுதான். காயில் என்றால் வார்னிஷில் முக்க வேண்டும், பல்புச் சூட்டில் காயவைக்க வேண்டும், அப்படிச் செய்தால் இருபது வருஷத்துக்குக் கம்பி அசையாது. நாலு காயிலையும் முக்கி, இருநூறு வாட் பல்புக்கு அடியில் ஒரு பகல் முழுக்க வைத்தேன். மறுநாள் மீட்டர் வைத்துப் பார்த்தால் கம்பெனி சுற்றின மூன்றும் நன்றாக இருக்கின்றன, தினகரன் சுற்றினது மட்டும் முள் அசையவில்லை. கம்பி தலைமயிரைவிட மெல்லிசு, அவன் தளர்வாகச் சுற்றியிருந்ததால் வார்னிஷ் உள்ளேவரை போய்விட்டது, காயும்போது இழுத்து எங்கேயோ அறுந்துவிட்டது. கிதார் காயிலை மெழுகில்தான் முக்குவார்களாம், வளர்மதி போனில் தேடிப் பார்த்துச் சொன்னாள், எல்லாம் முடிந்த பிறகு. என் தப்பு கிடைத்தால் ஒரு வாரம் ஓட்டுகிற உன் அப்பா போய் டீ வாங்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் வைத்தார், அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. என்னை மன்னித்துவிடு கலை. காப்பாற்றப் போய் நானே கெடுத்துவிட்டேன்.

நீ டிசம்பரில் வருவதை வளர்மதி சொல்லிவிட்டாள்போல, ஞாயிற்றுக்கிழமை தினகரனின் அம்மா மங்கம்மா கடைக்கு வந்தாள். நூறு நாள் வேலைக்குப் போய் கறுத்து இளைத்திருக்கிறாள். உன்னைப் பற்றித்தான் கேட்டாள், எந்தத் தேதியில் வருகிறாய், சாப்பாடு ஒத்துக்கொண்டதா என்று. அவள் முகத்தைப் பார்த்து என்னால் மறைக்க முடியவில்லை, அந்தக் காயிலை எடுத்துக் கையில் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் சொன்னேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “இத்தப் போயி எங்கிட்ட இன்னாத்துக்குக்கா சொல்லிக்கினு கீற, அந்தப் புள்ளகிட்ட சொல்லு. தான் தந்தி வாங்கியாரச் சொல்லி அனுப்புனதாலதான் எம்மவன் லாரில அடிபட்டுப் போனான்னு நென்சிக்கினு ரெண்டு வருசமா எங்கூட ஒரு வார்த்த பேசல. ஒண்ணுதான் போச்சு, இன்னொண்ணு இருந்துக்கினே மூஞ்சிய காட்ட மாட்டேங்குது. வந்தா எங்க வூட்டுக்கு இட்டுக்கினு வா.” சொல்லிவிட்டு அந்தக் காயிலை முந்தானையால் துடைத்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். நீ அவளிடம் பேசுவதில்லை என்று எனக்கு இதுவரை தெரியாது. கேட்டால் பேசினேம்மா என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தாய்.

அந்தக் காயிலை என்ன செய்வது என்று ஒரு வாரமாக யோசிக்கிறேன். புதுக் கம்பி போட்டுச் சுற்ற எனக்கு ஒரு மத்தியானம் போதும், கோணல் இல்லாமல் சுற்றுவேன், சத்தமும் வரும். ஆனால் அது நான் சுற்றினதாகிவிடும். இன்னொரு வழி, அவன் கம்பியையே வெளிப்பக்கத்திலிருந்து பிரித்துக்கொண்டு போய் அறுந்த இடத்தைப் பிடித்து ஒட்டுவது. அறுந்தது மேலாக இருந்தால் கொஞ்சம் சுற்றோடு போகும், மீதி அவனுடையதாகவே இருக்கும். அடியில் இருந்தால் ஒன்றும் மிஞ்சாது. பிரித்தால்தான் தெரியும். நேற்று தின்னர் தொட்டுத் தொட்டு மெதுவாகப் பிரிக்க ஆரம்பித்தேன், நாற்பத்து மூன்று சுற்று வந்தது, அதற்குமேல் கை வரவில்லை. பிரித்த கம்பியை ஒரு கட்டையில் சுற்றி, காயிலோடு சேர்த்து என் பைபிள் இருக்கும் அலமாரியில் வைத்திருக்கிறேன். புதுக் கம்பியா, பழசைப் பிரிப்பதா, இல்லை ஒன்றும் செய்யாமல் அப்படியே வைப்பதா என்று நீ வந்து சொல். பிரிப்பது என்றால் மங்கம்மாவையும் கூப்பிட்டு உட்காரவைப்போம். கட்டையை நீ சுற்று, இந்தத் தடவை நான் எண்ணுகிறேன், யார் வந்து கேட்டாலும் கணக்கை விடமாட்டேன். நாற்பத்து நாலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் கையின் வேலையை ஆசீர்வதிப்பாராக. அப்பா உனக்கு அன்பு சொல்லச் சொன்னார், முழங்காலுக்கு உறை ஒன்று வாங்கி வரவும் சொன்னார், வளர்மதி சாக்லேட் லிஸ்டைத் தனியாக அனுப்புவாள். ராத்திரி ஷிப்டுக்குப் போகும்போது வெறும் வயிற்றோடு போகாதே. எனக்குப் பதில் எழுத வேண்டாம், அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. மங்கம்மா நம்பரை மாற்றவில்லை, தினகரன் வைத்திருந்த அதே நம்பர்தான், இப்போது அவள் கையில் இருக்கிறது.

உன் அம்மா,
ஏ. செவ்வந்தி
ஏசுதாஸ் மோட்டார் வைண்டிங்