பெருக்கித் தள்ளிய பாம்புக்கூடு

அன்புள்ள பட்டுவுக்கு,

அம்மா எழுதுவது. உடம்பைப் பொறுத்தவரை நானும் அப்பாவும் நன்றாகத்தான் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் எங்களைவிட நன்றாக இருக்க வேண்டும். காட்டு விடுதி எப்படிம்மா இருந்தது என்று நீ போனில் ஆசையாகக் கேட்டாய், நான் சூப்பர் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அப்பா கையில் போனைத் திணித்துவிட்டேன். உன் குரலைக் கேட்டுக்கொண்டே இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

இடத்தில் ஒரு குறையும் இல்லை. குரங்கு ஒன்று அப்பாவின் சோப்பைத் தூக்கிப்போய்க் கூரைமேல் உட்கார்ந்து கடித்துப் பார்த்துவிட்டு அவர் தலையிலேயே துப்பியது. குளியலறையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தவளை, உன் அப்பா அதனிடம் அனுமதி வாங்காத குறையாகத்தான் குளித்தார். போய் இறங்கியதுமே காட்டிலாகா ஆள் ஒருவர் எல்லோரையும் உட்காரவைத்து எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்று விளக்கினார். எல்லோரும் கேட்டார்கள், என்னைத் தவிர. நான் அப்போது கட்டிலுக்கு அடியில் விரலால் தூசி தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் வார்டு சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே காலம் போனவள், வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தார்கள், கை ஓய மாட்டேன் என்கிறது.

எங்கள் அறைக்குப் பின்னால் மூங்கில் புதர், அதன் ஓரத்தில் முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த இலைக்குவியல், சுற்றிலும் கயிறு. பெருக்கிக் குவித்துவிட்டு அள்ளச் சோம்பல்பட்டுக் கயிறு கட்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஜன்னலைத் திறந்தால் அதுதான் கண்ணில் படும், எனக்கு உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. மத்தியானம் அப்பா குறட்டை விட ஆரம்பித்ததும், சமையலறைக்குப் பின்னால் சாத்தியிருந்த விளக்குமாற்றை எடுத்து வந்து கயிற்றைத் தாண்டிப் போய்ப் பெருக்கித் தள்ளினேன். பாதிக்கு மேல் தரை தெரிந்தபோது வெள்ளையாக ஏதோ உருண்டது, விளக்குமாறு இடித்து ஒன்று கிழிந்தது. முட்டை, தோல் மாதிரி ஓடு. அப்படியே போட்டது போட்டபடி ஓடி வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

காட்டிலாகா ஆள் அப்புறம் சொன்னார், அது ராஜநாகம் கட்டிய கூடாம், யாரும் கிட்டே போகக்கூடாதென்றுதான் கயிறாம். வாயில்லாத ஜீவன், கையும் இல்லை, உடம்பாலேயே ஒவ்வொரு இலையாகக் கூட்டி வைத்திருந்திருக்கிறது. தண்ணீருக்குப் போயிருந்த நேரம் பார்த்து நான் போயிருக்கிறேன், இல்லாவிட்டால் இந்தக் கடிதம் ஏது. சாயங்காலம் அது திரும்பி வந்தது, எல்லோரும் தூரத்தில் நின்று பார்த்தோம். இடுப்பளவுக்குத் தலையைத் தூக்கி, நான் பெருக்கிய வெறுந்தரையைச் சுற்றிச் சுற்றி வந்தது, பட்டு.

ஆனால் நான் வெட்கப்படுவது அதற்கு மட்டும் இல்லை. விளக்குமாறு அங்கேயே கிடந்ததல்லவா, மேனேஜர் அதைப் பார்த்துவிட்டுப் பெருக்குகிற பெண்ணைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கி, நாளையிலிருந்து வராதே என்று சொல்லிவிட்டார். நான் தொடலீங்க சார் என்று மட்டும்தான் அவள் சொன்னாள். சொல்லிவிட்டு என் செருப்பைப் பார்த்தாள், அதில் மக்கிய இலை அப்பியிருந்தது. என் முகத்தையும் பார்த்தாள். நான் காலை உள்ளே இழுத்துக்கொண்டேன். வார்டில் பெருக்குகிறவர்களை நானே இப்படி அதட்டிய ஆள்தான், அவர்கள் சொல்வதை யாரும் காதில் வாங்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் நின்றேன். அப்பாவிடம் பஸ்ஸில் சொன்னேன், நடந்தது நடந்துபோச்சு விடு என்றார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நேற்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு மேனேஜருக்குப் போன் போட்டு, நான்தான் செய்தேன், அவளைத் திரும்ப வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அந்த மனிதர் சிரிக்கிறார். உங்களுக்கு இளகின மனசும்மா, அவளுக்காகப் பழியை நீங்க ஏத்துக்கறீங்க என்கிறார். எத்தனை சொல்லியும் நம்பவில்லை. சாக்கடையில் விழுந்தவளுக்கு மாலை போட்ட மாதிரி ஆகிவிட்டது. அறை உன் பேரில் பதிவாகியிருக்கிறது, உங்க பொண்ணு சொன்னா நம்பறேன் என்று கடைசியில் இறங்கி வந்தார், உன் நம்பரையும் குறித்துக்கொண்டார்.

அதனால் தெரியாத நம்பர் என்று வெட்டிவிடாதே. உன் வீட்டுக்கு வந்தபோது உரத்துக்கென்று நீ பால்கனியில் சேர்த்த இலையை எல்லாம் உன்னைக் கேட்காமல் நான் அள்ளிக் கொட்டினேனே, அதைச் சொல். அன்றைக்கு நீ என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னை யாராவது ஏதாவது சொன்னால் முந்திக்கொண்டு சண்டைக்குப் போகிறவள் நீ. இந்த ஒரு தடவை வேண்டாம். நீங்கள் இருவரும் நீண்ட ஆயுசோடு ஒற்றுமையாக இருக்க என் ஆசீர்வாதம். வேளைக்குச் சாப்பிடு. மேனேஜர் கூப்பிட்டால், எங்கம்மா அப்படிப்பட்டவங்க இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா