விட்டுப்போன வசனம்

என் அருமை மகளுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் சுகம், என் முழங்கால் மட்டும் அதில் சேரவில்லை. நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, இரண்டு கண்ணையும் ஆறு நாள் கட்டிவைத்திருந்தார் டாக்டர். உன் சித்தப்பா இன்றுவரை எட்டிப்பார்க்கவில்லை, அதையும் மனதில் வைத்திருக்கிறேன்.

போன கடிதத்தில் நீ, கூட வேலை செய்பவள் உன்மேல் பழி போட்டுவிட்டாள், பதிலுக்கு அவளைப் பற்றி மேலதிகாரியிடம் இட்டுக்கட்டி ஒன்று சொன்னால் என்ன, வேதத்தை நம்பி வாயைப் பொத்திக்கொண்டு என்ன கண்டோம் என்று கேட்டிருந்தாய். உடனே பதில் போட்டிருந்தால், அவளை விடாதே என்றுதான் எழுதியிருப்பேன். அதே வாரம் எனக்கும் ஒரு வாய்ப்பு வந்தது. எங்கள் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில், சட்டை மடிப்புக் கலையாததால் 'இஸ்திரி' என்று பட்டப்பெயர் வாங்கியவனை உனக்குத் தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முன் நான் அளவுகளை மாற்றி எழுதினேன் என்று பொய் சொல்லி, எனக்கு வரவேண்டிய தலைமைப் பதவியில் உட்கார்ந்தவன். இப்போது அவனே விசாரணையில் மாட்டியிருக்கிறான். ஒரு கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்காமலே நல்லதென்று கையெழுத்துப் போட்டானாம். அவன் கையெழுத்துப் போட்ட அன்று நான் பார்த்ததை எழுதித் தரும்படி விசாரிப்பவர்கள் கேட்டார்கள். நான் பார்த்தது அவன் தாமதமாக வந்ததை மட்டும்தான். சோதிக்காமல் கையெழுத்துப் போட்டதையும் பார்த்தேன் என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த ஒரு வரியே போதும், அவன் வேலை போய்விடும். தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அம்மாவுக்கு வேதம் வாசிக்க உட்கார்ந்தேன்.

பழிவாங்குவது கர்த்தருடைய வேலை, நம்முடையதல்ல என்கிற இடம் வந்தது. இவள் பார்க்கவா போகிறாள் என்று அதைத் தாண்டிப் போனேன். அவளுக்கு அந்த அதிகாரம் மனப்பாடம் என்பதை மறந்துவிட்டேன். அம்மா கையை நீட்டி நிறுத்தி, "என்னங்க, பக்கம் ஒட்டிக்கிச்சா, இல்ல தொண்டையில மாட்டிக்கிச்சா?" என்றாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒன்பது வருஷமாகக் கர்த்தர் என்ன செய்தார் என்று கத்தவும் செய்தேன். அவள், "அவன் பொய் சொன்னான், பொய் சொன்னான்னு புலம்பி என் உயிர எடுத்தீங்க. இப்ப நீங்க எழுதி வச்சிருக்கறதுக்கு என்ன பேருங்க? கர்த்தர் சொன்னா செய்வாரு. எப்பன்னு நீங்க சொல்லித்தர வேண்டாம்" என்றாள்.

விட்ட வசனத்தை வாசித்தேன். பிறகு வேறு தாளில், பார்த்ததை மட்டும் எழுதினேன். பழையதைக் கிழித்துப்போட்டேன். அவன்மேல் அன்பு வந்துவிட்டதென்று நினைக்காதே, எதிரே வந்தால் இன்னும் தெருவைத் தாண்டித்தான் போகிறேன். ஆனால் மறுநாள் காலையில் கண் விழித்தபோது அவன் முகம் முதலில் வரவில்லை. ஒன்பது வருஷத்தில் இது புதிது. ஆகவே மகளே, நீயும் போய் நடந்ததை நடந்தபடி மட்டும் சொல். அவர்கள் நம்பாவிட்டாலும் ஒரு சொல் கூட்டாதே. கர்த்தர் வாக்குத் தவறமாட்டார். எனக்கு வீணாய்ப் போன வருஷங்களைப்போல உனக்கும் போக வேண்டாம்.

நேற்று கட்டு அவிழ்த்தார்கள். அம்மா முதலில் கேட்டது அந்தத் தாளைத்தான். தள்ளிப் பிடித்து, எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "எதையும் சேர்க்கல, எதையும் விடல. போய்க் குடுத்துட்டு வாங்க" என்றாள். கொடுத்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

நீ அதிகாரியைப் பார்க்கும் நாளை எழுது, அன்று இருவரும் ஜெபத்தில் இருப்போம். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. கடிதத்தைப் பெரிய எழுத்தில் எழுத மறக்காதே, இனி அம்மாவே வாசிப்பாளாம். நான் வாசித்தால் வரி விடுவேனாம்.

என்றும் உனக்காக ஜெபிக்கும்,
அப்பா