ஐரினின் கைப்பையில் இடம்

திராட்சைத் தோட்டக்காரி ஐரின் மதுரைக்குப் புறப்படுமுன், கணவன் ரொனால்டுக்கு எழுதிய சீட்டை ஹாட்பாக்ஸுக்கு அடியில் செருகினாள்.

"என்னங்க, பழைய பிஸ்டலைக் கடையில குடுத்துட்டுப் புது மாடல் வாங்கப் போறேன். கலெக்டர் ஆபீஸ் அனுமதி வந்துருச்சு. லைசன்ஸ் புக்கைத் தேடாதீங்க, என்கிட்ட இருக்கு. சோறு ஹாட்பாக்ஸுல, தொட்டுக்க வெஞ்சனம் அடுப்பு மேல. நீங்க வெளிய கிளம்பினா, வீட்டுச் சாவி மாதா படத்துக்குப் பின்னால.

'பழசை வச்சே ஒருநாளும் சுடல, புதுசு எதுக்கு'ன்னீங்க. தோட்டத்துக்குத் தனியாப் போறவ நான். சுடாம இருக்கிறதுதான் அதுக்கு மரியாதை."

செருகிய சீட்டை மறுபடி உருவி, ஓரத்தில் பொடி எழுத்தில் சேர்த்தாள்.

"தாடிக்கொம்பு ஊருக்குப் போயிருந்தப்போ உங்களுக்கு மூச்சு இழுத்துச்சே, அப்போ 'உன் கைப்பையில துப்பாக்கிக்கு இடமிருக்கு, என் இன்ஹேலருக்கு இல்லையா'ன்னு கேட்டீங்கள்ல? புதுசு உள்ளங்கையில அடங்கிரும். பழசைத் தனிப் பெட்டியில எடுத்துட்டேன்; உங்க ரெண்டாவது இன்ஹேலர் இப்பவே என் கைப்பையில."